தைரியம் இருந்தா போதுமா சிஸ்டர்?

போன ரெண்டு மாசத்துல மூணு பொண்ணுங்க என்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. மூணு பேரும் இப்பத்தான் நர்சிங் முடிச்சு கவுன்சில்ல பதிவு எண் வாங்கினவங்க. அதுல ஒருத்தி எங்க அக்கா மக. "சித்தி, கேஷுவாலிட்டியில போட்டிருக்காங்க. ஒண்ணாம் தேதி ஜாயினிங். என்ன படிச்சிட்டுப் போகட்டும்?"

பதில் சொல்றதுக்கு முன்னாடி, மத்தவங்க என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். (கேஷுவாலிட்டியில பதினோரு வருஷம் குப்பை கொட்டினவளுக்கு முதல்ல ஹிஸ்டரி எடுக்கிற வியாதி போகாது.) காலேஜ் மேடம் சொன்னாங்களாம், தைரியமா இரும்மான்னு. இன்டர்வியூ எடுத்த ஹெச்.ஆர். தம்பி கேட்டாராம், "ரத்தம் பார்த்தா மயக்கம் போட மாட்டீங்களே? தைரியம் இருக்குல்ல?" எங்க அத்திம்பேர் அவர் பங்குக்கு, "ஒரு வாரம் பல்லைக் கடிச்சிக்கோ, எல்லாம் பழகிடும், தைரியம்தான் முக்கியம்."

இந்தத் தைரியம்கிற வார்த்தை மேல எனக்கு வர்ற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை மக்களே. இன்னிக்கு அதைக் கொட்டிடலாம்னுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். கேஷுவாலிட்டியில முதல் வேலைக்குத் தயாராகிறதை, சேரப்போற பொண்ணோட சொந்தப் பிரச்சனையா நாம ஆக்கி வச்சிருக்கோம். அவ படிக்கணும், அவ கோர்ஸ் போகணும், அவ தைரியமா இருக்கணும். அது அவ வேலை இல்லை. அவளை வேலைக்கு எடுக்கிற ஆஸ்பத்திரியோட வேலை. அந்த வேலையைச் செய்யாம, அந்தக் காசை மிச்சம் பிடிச்சுட்டு, அந்தப் பள்ளத்தை மூடுறதுக்கு ஒரு இருபத்திரெண்டு வயசுப் பொண்ணோட "தைரியத்தை"க் கேட்கிறாங்க. நான் அதை மோசடின்னுதான் சொல்லுவேன்.

முதல்ல நம்ம ஏரியா கேஷுவாலிட்டின்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக. பல்லாவரத்துல ஆரம்பிச்சு குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி எத்தனை ஆஸ்பத்திரி போர்டுன்னு ஒரு நாள் பஸ் ஜன்னல்ல உட்கார்ந்து எண்ணிப் பாருங்க. இது ஆஸ்பத்திரி ஊர்தான். 1928ல டாக்டர் சவுரிமுத்து ஆரம்பிச்ச காசநோய் சானடோரியத்தோட பேருல ஒரு ரயில்வே ஸ்டேஷனே இருக்கு. ஆனா இப்ப ரோட்டோரமா முளைச்சிருக்கிறதுல நிறைய, முப்பது நாப்பது படுக்கை. எல்லாத்துலயும் சிவப்பு எழுத்துல "24 மணி நேர அவசர சிகிச்சை". அந்த 24 மணி நேரத்துல ராத்திரி எட்டுல இருந்து காலையில எட்டு வரைக்கும் யார் இருக்காங்கன்னு போர்டுல எழுதறதில்லை.

எழுதினா இப்படித்தான் இருக்கும்: ஒரு ட்யூட்டி டாக்டர், அவர் வார்டையும் சேர்த்துப் பார்ப்பார், மாடியில இருப்பார். ஒரு ஸ்டாஃப் நர்ஸ். ஒரு ஆயாம்மா. கேட்ல ஒரு வாட்ச்மேன் தாத்தா. அந்த ஸ்டாஃப் நர்ஸ் போன மாசம் காலேஜ் முடிச்ச பொண்ணா இருக்கிறதுக்கு வாய்ப்பு ரொம்பவே அதிகம். ஏன்னா நைட் ட்யூட்டி யாருக்கும் பிடிக்காது, புதுசா வந்தவங்களால மறுத்துப் பேச முடியாது.

அந்தப் பொண்ணுகிட்ட என்னென்ன வரும்? வண்டலூர் பக்கம் லாரியில மோதின ரெண்டு பசங்க. மறைமலை நகர், ஒரகடம் பக்கம் பிரஸ்ல விரல் நசுங்கின ஷிஃப்ட் தொழிலாளி. தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவர். வீட்டுச் சண்டையில பூச்சி மருந்து குடிச்ச அம்மா. "கேஸ் ட்ரபிள்"னு தானே நடந்து வர்ற ஐம்பத்தஞ்சு வயசுக்காரர். இந்தக் கடைசி ஆள் இருக்காரே, அவர்தான் ரொம்ப ஆபத்து. நெஞ்சு வலின்னு வந்தா 10 நிமிஷத்துக்குள்ள ஈ.சி.ஜி. எடுக்கணும்னு புஸ்தகத்துல இருக்கு. ஆனா அவர் நெஞ்சு வலின்னு சொல்ல மாட்டாரே! "ஒரு கேஸ் மாத்திரை குடும்மா, போயிடறேன்"னு சொல்லுவார். சர்க்கரை வியாதிக்காரங்க, பொம்பளைங்க பல பேருக்கு வலியே இருக்காது. வேர்வையும் வாந்தியும் மட்டும்தான். பக்கத்துல கத்திக்கிட்டு இருக்கிற கால் முறிஞ்ச பையனை விட்டுட்டு, சத்தமே போடாம வேர்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவரை முதல்ல பார்க்கணும்கிறது தைரியத்துல வர்ற அறிவு இல்லைங்க. பக்கத்துல நின்ன சீனியர் ஒருத்தர் பத்து தடவை சுட்டிக் காட்டி வர்ற அறிவு.

சரி, "படிச்சிட்டுப் போ" கட்சிக்கு வருவோம். படிப்பு வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா படிப்பு எங்க வரைக்கும் கூட வரும்னு ஒரு உதாரணம் சொல்றேன். அட்ரினலின் ஆம்பியூல். 1 மில்லியில 1 மில்லிகிராம். இதயம் நின்னு போனவருக்கு அது முழுசா ரத்தக்குழாய்ல போகணும், 3லேர்ந்து 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஊசி போட்டு அலர்ஜியாகி மூச்சு திணறுறவருக்கு அதே ஆம்பியூல்ல அரை மில்லி, தொடைச் சதையில. மாத்திப் போட்டா விபரீதம். இது எல்லா நர்சிங் மாணவிக்கும் தெரியும். பரீட்சையில ரெண்டு மார்க் கேள்வி, கண்ணை மூடிட்டு எழுதிடுவா. ராத்திரி மூணு மணிக்கு, நாலு பேர் அவ தோள் மேல சாய்ஞ்சு "ஏம்மா ஏதாவது பண்ணும்மா"ன்னு கத்தும்போது, டாக்டர் போன்ல பாதி கேட்டும் பாதி கேட்காமலும் ஆர்டர் சொல்லும்போது, அந்த ரெண்டு மார்க் கேள்வி வேற கேள்வியா மாறிடும். போன்ல சொன்ன ஆர்டரைத் திருப்பிச் சொல்லி உறுதி பண்ணிக்கணும், நேரம் போட்டு எழுதணும்னு சொல்லித் தர ஆள் வேணும். அந்த ஆளும் அந்த ரூம்ல இருக்கணும்.

இன்னொண்ணு. இது வெறும் கணக்கு. இதயம் நின்ன ஒருத்தருக்கு நெஞ்சை அழுத்தணும், நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, குறைஞ்சது 5 சென்டிமீட்டர் ஆழம். ரெண்டு நிமிஷத்துல கை ஓய்ஞ்சிடும், ஆள் மாறணும். இன்னொருத்தர் முகத்துல மாஸ்க் வச்சு ஆம்பூ பேக் அழுத்தணும். இன்னொருத்தர் வென்ஃப்ளான் போட்டு மருந்து ஏத்தணும். ஒருத்தர் நேரம் பார்த்து எழுதணும். ஆயாம்மாவைக் கணக்குல சேர்த்தாலும் ஆள் பத்தலை, இல்லீங்களா? தனியா நிக்கிற பொண்ணு எவ்வளவு படிச்சிருந்தாலும், எத்தனை சர்டிஃபிகேட் வச்சிருந்தாலும், அவளுக்கு எட்டு கை முளைக்காது. இதுக்கு "தயாராகிறது எப்படி"ன்னு ஒரு கேள்வியே கிடையாது. தனியா விடக்கூடாது. முடிஞ்சது.

சர்டிஃபிகேட்னு சொன்னதும் ஞாபகம் வருது. பேஸிக் லைஃப் சப்போர்ட், அட்வான்ஸ்டு கார்டியாக் லைஃப் சப்போர்ட்னு ரெண்டு கோர்ஸ். நல்ல கோர்ஸ்தான், நானே ரெண்டு தடவை போயிருக்கேன், பொம்மை மேல அழுத்தி அழுத்தி மணிக்கட்டு வீங்கி வந்திருக்கேன். ஆனா அந்த சர்டிஃபிகேட்டுக்கு ஆயுள் ரெண்டே வருஷம், ஃபீஸ் அவளோட முதல் சம்பளத்துல பெரிய துண்டு. "நீயே போய் முடிச்சிட்டு வா, அப்பத்தான் கேஷுவாலிட்டி"ன்னு சொல்ற ஆஸ்பத்திரி எந்த லட்சணத்துல அது? தீயணைப்பு வண்டியில சேர்றவரை "ஹோஸ் பைப் நீயே வாங்கிட்டு வா"ன்னு சொல்லுவோமா?

இங்க நம்ம ஊரையே உதாரணத்துக்கு எடுத்துக்குங்க. தாம்பரம் ரயில்வே ஊர். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் 1931லேர்ந்து கரண்ட் ரயில் ஓடுது. இங்க யாராவது லோகோ பைலட் தெரிஞ்சவங்க இருந்தா கேளுங்க. ஒரு புதுத் தடத்துல வண்டியைத் தனியா எடுக்கிறதுக்கு முன்னாடி, அந்தத் தடம் தெரிஞ்சவரோட கூடப் போய் சிக்னல், வளைவு, கேட் எல்லாம் பழகணும். பகல்ல மட்டும் இல்லை, ராத்திரியிலயும். ரோடு லேர்னிங்னு பேரு. இத்தனைக்கும் அவர் ஏற்கெனவே வண்டி ஓட்டத் தெரிஞ்சவர்! "தைரியம் இருக்குல்ல, எடு வண்டியை"ன்னு யாரும் சொல்றதில்லை.

அதை விடுங்க. கிழக்குத் தாம்பரத்துல ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் இருக்கே, அங்க நடக்கிற பள்ளிக்கூடம் எதுக்குன்னு தெரியுமா? விமானம் ஓட்டச் சொல்லித் தர்றதுக்குக்கூட இல்லை. விமானம் ஓட்டச் சொல்லித் தர்றவங்களுக்கு, எப்படிச் சொல்லித் தரணும்னு கத்துக்கொடுக்கிற பள்ளிக்கூடம். வாத்தியாருக்கு வாத்தியார். தலைக்கு மேல அந்தப் பயிற்சி விமானம் பறந்துக்கிட்டே இருக்கு. கீழே அதே ஊர்ல ஒரு பொண்ணு கையில சாவிக் கொத்தைக் கொடுத்து "பார்த்துக்கோ"ன்னு சொல்லிட்டுப் போயிடறோம்.

சாவிக் கொத்துன்னு சும்மா சொல்லலை. என் முதல் நைட் அப்படித்தான். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். இன்சார்ஜ் சிஸ்டர் ஹேண்டோவர் கொடுத்தது மொத்தம் நாலு நிமிஷம்: "இது மருந்து பீரோ சாவி, இது ஃப்ரிட்ஜ் சாவி, டாக்டர் மேல இருக்கார், ரொம்ப அவசரம்னா மட்டும் எழுப்பு." ரொம்ப அவசரம்னா எதுன்னு சொல்லலை. அன்னிக்கு மழை. முடிச்சூர் பக்கத்துல இருந்து ஒரு குடும்பம், அப்பாவைப் பாம்பு கடிச்சிருக்கு, பாம்பை அடிச்சு ஒரு ஜவுளிக்கடைப் பையில போட்டு எடுத்துட்டு வந்து என் டேபிள் மேலயே வச்சுட்டாங்க. (அடையாறு பொங்குற காலத்துல அந்தப் பக்கம் வீட்டுக்குள்ள பாம்பு வர்றது சகஜம். 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூரும் வரதராஜபுரமும் என்ன பாடு பட்டதுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.)

பாம்புக்கடிக்கு ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. லேப் வேண்டாம், டெக்னீஷியன் வேண்டாம். 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி டெஸ்ட் ட்யூப்ல விட்டு, அசைக்காம 20 நிமிஷம் வச்சு, சாய்ச்சுப் பார்க்கணும். உறையாம ஓடினா விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு, விஷமுறிவு மருந்து ஆரம்பிச்சாகணும். கண்ணாடியா இருக்கணும்கிறதுதான் முக்கியம். பிளாஸ்டிக் ட்யூப்ல பார்த்தா நம்ப முடியாது. எனக்கு டெஸ்ட் தெரியும், வைவாவுல சொல்லி மார்க் வாங்கியிருக்கேன். அந்த ஆஸ்பத்திரியில கண்ணாடி ட்யூப் எங்க இருக்குன்னு தெரியாது! பீரோ முழுக்க பிளாஸ்டிக். கடைசியில ஆயாம்மாதான், "பழைய சிஸ்டர் ஸ்டெரிலைசர் டப்பாவுக்குப் பின்னாடி வச்சிருப்பாங்க பாப்பா"ன்னு எடுத்துக் கொடுத்தாங்க. அந்த மனுஷர் பிழைச்சுப் போனார். ஆனா அந்த ஆஸ்பத்திரியோட அனுபவ அறிவு மொத்தமும் அன்னிக்கு இருந்தது, ஆயாம்மா தலையில. அவங்க அன்னிக்கு லீவ் போட்டிருந்தா? (நாடு முழுக்கப் போற விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கம் இங்கிருந்து ரொம்பத் தூரமில்லாத வடநெம்மேலியில 1978லேர்ந்து இருக்குங்கிறது தனிக் கூத்து. மருந்துக்கு மூலப்பொருள் நம்ம பக்கத்துலதான், ட்யூப்தான் கிடைக்கலை.)

இப்ப எதிர்க்கட்சி வாதங்கள்.

"நாங்க எல்லாம் அப்படித்தான் கத்துக்கிட்டோம், உங்களுக்கு மட்டும் என்ன?" இதைச் சொல்றது யார் தெரியுமா, சீனியர் சிஸ்டர்கள். எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற வசனம் இதுதான். அக்கா, நீங்க கத்துக்கிட்டது நிஜம். எந்த பேஷண்ட் மேல கத்துக்கிட்டீங்கன்னு யாரும் கணக்கு வைக்கலைங்கிறதும் நிஜம். அதோட டாக்டர்களைப் பாருங்க. அவசர சிகிச்சையைத் தனித் துறையா 2009ல மெடிக்கல் கவுன்சில் ஏத்துக்கிட்டது. எம்.பி.பி.எஸ். முடிச்ச டாக்டர் அதுல எம்.டி. வாங்க இன்னும் 3 வருஷம் சீனியர்கள் கண்ணு முன்னாடி வேலை செய்யணும். அதே ரூம்ல, அதே பேஷண்டுக்குப் பக்கத்துல நிக்கிற நர்ஸுக்கு? நர்சிங் கவுன்சில்ல அவசரம் மற்றும் பேரிடர் நர்சிங்னு ஒரு வருஷ டிப்ளமோ பேப்பர்ல இருக்கு. அதை முடிச்சவங்களைத்தான் கேஷுவாலிட்டியில போடணும்னு எந்த ஆஸ்பத்திரியாவது சொல்லி நான் கேட்டதில்லை. ரெண்டு நாள் ஓரியன்டேஷன். அதுல ஒரு நாள் யூனிஃபார்ம் அளவு எடுக்கவும், பயோமெட்ரிக் ரேகை வைக்கவும் போயிடும்.

"பயிற்சி கொடுத்தா ஒரே வருஷத்துல துபாய்க்கோ லண்டனுக்கோ ஓடிடறாங்க, நாங்க ஏன் செலவு பண்ணணும்?" இது முதலாளி வாதம். சரி, அந்த லண்டனையே பார்ப்போம். நம்ம பொண்ணு இங்க அஞ்சு வருஷம் ஐ.சி.யூ. பார்த்துட்டு இங்கிலாந்து போறா. அங்க அவளுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. அதுக்குத் தயார் பண்றதும் ஃபீஸ் கட்டறதும் பெரும்பாலும் அவளை எடுத்த ஆஸ்பத்திரிதான். வார்டுக்குப் போன பிறகும் முதல் சில வாரம் அவளை ஆள் கணக்குல சேர்க்க மாட்டாங்க. அதாவது அந்த ஷிஃப்ட்டுக்கு வேண்டிய நர்ஸ்களுக்கு மேல, கூடுதலா ஒரு ஆளா, ஒரு சீனியரோட ஒட்டிக்கிட்டுத்தான் இருப்பா. அஞ்சு வருஷ அனுபவசாலிக்கு அந்த மரியாதை. இங்க புதுசா வந்தவளுக்கு முதல் நாள்லேயே ஆள் கணக்கு. அப்புறம் ஏன் ஓடறான்னு ஆச்சரியப்பட்டா எப்படி சார்?

இந்த இடத்துல பாண்டு விஷயத்தைச் சொல்லியே ஆகணும். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வச்சுக்கிறது, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போனா இவ்வளவு கட்டணும்னு கையெழுத்து வாங்கறது. 2012ல சென்னையில பெரிய பெரிய தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுங்க வேலைநிறுத்தம் செஞ்சு ரோட்டுக்கு வந்தப்ப, சம்பளத்தோட சேர்த்து இந்த பாண்டும்தான் பேச்சு. பாண்டுக்கு ஆஸ்பத்திரிக்காரங்க சொல்ற நியாயம் என்ன? "நாங்க பயிற்சி கொடுத்திருக்கோம், அதுக்கு ஈடு." ஐயா, எந்தப் பயிற்சி? அந்த நாலு நிமிஷ சாவிக் கொத்தா? பயிற்சின்னு ஒண்ணைக் காட்டித்தான் பூட்டு போடறீங்க, பூட்டுக்குள்ள தேடிப் பார்த்தா பயிற்சியைக் காணோம்.

"சின்ன ஆஸ்பத்திரிங்க, கட்டுப்படியாகாது." இதுக்கு மட்டும் கொஞ்சம் காது கொடுப்பேன். நாப்பது படுக்கை வச்சுக்கிட்டு வாடகையும் கரண்ட் பில்லும் கட்டி நடத்தறது கஷ்டம்தான். ஆனா கட்டுப்படியாகலைன்னா "24 மணி நேர அவசர சிகிச்சை" போர்டைக் கழட்டுங்க. புறநோயாளி பாருங்க, பிரசவம் பாருங்க, நல்லா இருங்க. ஆள் இல்லாம போர்டு மட்டும் இருந்தா, ஜி.எஸ்.டி. ரோட்ல அடிபட்டவரைத் தூக்கிட்டு வர்ற ஆட்டோக்காரர் அந்தச் சிவப்பு எழுத்தை நம்பி உள்ளே திருப்பறார். சரியான இடத்துக்குப் போயிருக்க வேண்டிய இருபது நிமிஷம் அங்க போயிடுது.

சம்பளம் பத்தியும் ஒரு வார்த்தை. 2016 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டு, மத்திய அரசு ஒரு கமிட்டி அமைச்சு, அந்தக் கமிட்டி சொன்னது: 200 படுக்கைக்கு மேல உள்ள தனியார் ஆஸ்பத்திரியில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். அதுக்குக் கீழ படிப்படியா குறையலாம், ஆனா 50 படுக்கைக்குக் குறைவான இடத்துல கூட மாசம் 20,000 ரூபாய்க்குக் கீழ போகக்கூடாது. கேரளாவுல 2017ல நர்ஸுங்க பெரிய போராட்டம் நடத்தினாங்க, 2018ல அடிப்படைச் சம்பளமே 20,000னு அரசு அறிவிச்சுது. நம்ம பக்கத்துல புதுசா சேர்ந்த பொண்ணு யாராவது உங்க தெருவுல இருந்தா, கையில எவ்வளவு வாங்கறேன்னு மெல்லக் கேட்டுப் பாருங்க. அரசாங்கம் மட்டும் என்ன யோக்கியமா? 2015ல ஆயிரக்கணக்குல ஒப்பந்த நர்ஸுங்களை 7,700 ரூபாய்க்கு எடுத்தாங்க. ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு சொன்ன வார்த்தையை நம்பினவங்க 2017 நவம்பர்ல தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துல குந்தி உட்கார்ந்தாங்களே, அதுதான் பதில்.

பாதுகாப்புக்கு வருவோம். ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்கினா தண்டனைன்னு தமிழ்நாட்டுல 2008லேயே தனிச் சட்டம் வந்தாச்சு. 2024 நவம்பர் 13ஆம் தேதி கிண்டி கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரைக் கத்தியால குத்தினாங்க. பட்டப்பகல்ல, செக்யூரிட்டி இருக்கிற பெரிய அரசு ஆஸ்பத்திரியில. அப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு, குடிச்சுட்டு வந்த பத்து பேர் நடுவுல, வாட்ச்மேன் தாத்தாவை நம்பி நிக்கிற பொண்ணுகிட்ட தைரியமா இருன்னு சொல்றதுக்கு வாய் கூசணும்.

அவசர சிகிச்சைக்குன்னு அரசு எதுவும் செய்யலைன்னு சொன்னா அது பொய். 2008ல 108 வந்தது, அதுக்கு முன்னாடி இருந்த நிலைமையை நினைச்சா அது பெரிய விஷயம். அரசு ஆஸ்பத்திரிகள்ல வர்றவங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிச்சுப் பார்க்கிற முறை வந்திருக்கு. 2021 டிசம்பர்ல மேல்மருவத்தூர்ல தொடங்கி வச்ச "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்துல விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே கொடுக்குது, பட்டியல்ல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து. அடிபட்டவங்களை போலீஸ் சம்பிரதாயத்துக்காகக் காக்க வைக்கக்கூடாதுன்னு 1989லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. எல்லாம் சரி. சட்டம், வண்டி, பணம் எல்லாம் வந்து சேர்ற இடத்துல கதவைத் திறக்கிறது யார்? அந்த 48 மணி நேரத்துல முதல் பத்து நிமிஷம் யார் கையில? அதை மட்டும் யாரும் கேட்கலை. 

அதனால என் கோரிக்கை சிம்பிள். காசு கொடுக்கிற அரசுக்கு நிபந்தனை போடற உரிமை இருக்கு. 48 திட்டத்துல பேர் இருக்கிற ஆஸ்பத்திரி எதுவா இருந்தாலும், கேஷுவாலிட்டியில புது நர்ஸை முதல் மூணு மாசம் ஆள் கணக்குல சேர்க்கக்கூடாது. நைட்ல தனியா விடக்கூடாது. கூட நிக்கிற சீனியர் பேர் ரோஸ்டர்ல எழுத்துல இருக்கணும். அந்த சீனியருக்கு அதுக்குன்னு தனிப்படி கொடுக்கணும், சொல்லித் தர்றதும் வேலைதானே. திட்டத்துல இல்லாத ஆஸ்பத்திரிக்கு 1997 மருத்துவ நிறுவனச் சட்டம் இருக்கு. பதிவு செய்யும்போதும் புதுப்பிக்கும்போதும் தீயணைப்புச் சான்று, குப்பைச் சான்று எல்லாம் பார்க்கிறாங்கல்ல, அந்த ரோஸ்டரையும் ஒரு தடவை வாங்கிப் பார்க்கட்டும்.

அது வர்ற வரைக்கும் ஒண்ணாம் தேதி சேர்ற பொண்ணு என்ன செய்யறது? அக்கா மககிட்ட சொன்னதையே இங்கயும் எழுதறேன், யாருக்காவது உதவும். புஸ்தகத்தை மூடு. சேர்றதுக்கு முந்தின நாள் போய், க்ராஷ் கார்ட் ஒவ்வொரு டிராயரையும் உன் கையால திறந்து பாரு. லாரிங்கோஸ்கோப் பல்ப் எரியுதா, சக்ஷன் இழுக்குதா, ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கிற சாவி அந்தச் சிலிண்டர்லயே தொங்குதா பாரு. (தொங்காது. எங்கயோ இருக்கும். கண்டுபிடி.) பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் மத்த ஆம்பியூல்களோட ஒரே டப்பாவுல இருந்தா உடனே தனியா எடுத்து வைக்கச் சொல்லு, அதைக் கலக்காம நேரா ஏத்தினா இதயம் நின்னுடும். ஏ.ஆர். புக்ல டாக்டர் எழுத வேண்டியதை உன்னை எழுதச் சொன்னா எழுதாதே, அது நாளைக்குக் கோர்ட்டுக்குப் போற காகிதம். நீ கொடுக்காத மருந்துக்கு நீ கையெழுத்துப் போடாதே. சந்தேகம்னா டாக்டரை எழுப்பு. ரொம்ப அவசரமான்னு அவர் வந்து சொல்லட்டும். ஆயாம்மாவுக்கு முதல் நாளே ஒரு டீ வாங்கிக் கொடு :-)

அதுக்கும் முன்னாடி, ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே, அந்த ஹெச்.ஆர். தம்பி தைரியம் இருக்கான்னு கேட்டாரில்ல, அவர்கிட்ட நீ திருப்பிக் கேளு: "முதல் மாசம் நைட்ல என்கூட யார் சார் இருப்பாங்க? அவங்க பேரைச் சொல்லுங்க."

கேட்டாளாம். "அதெல்லாம் ரோஸ்டர் போடும்போது பார்த்துக்கலாம்மா"ன்னு சொன்னாராம். எழுத்துல கொடுங்கன்னு நிக்கிறா. இன்னும் வரலை, கையெழுத்தும் போடலை.

டிஸ்கி: எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டு மெயில் போடாதீங்க, சொல்ல மாட்டேன். இந்தப் பக்கம் கேஷுவாலிட்டியில முதல் மூணு மாசம் ஒழுங்கா கூட நின்னு சொல்லித் தர்ற ஆஸ்பத்திரி உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா மட்டும் பின்னூட்டத்துல பேர் போடுங்க. மூணு பொண்ணுங்க காத்துக்கிட்டு இருக்காங்க.